கேட்ட தீவுக்குப் போதல்: இசை எழுப்பும் பயண ஏக்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இசை ஒன்றைக் கேட்டு முடித்த சில நிமிடங்களில், அதுவரை பெயரளவில் மட்டுமே அறிந்திருந்த ஓர் இடத்துக்குப் போயே தீர வேண்டும் என்று மனம் தவிப்பது பலருக்கும் நேர்ந்த அனுபவம். அந்தத் தவிப்பு எழுந்தவுடன் நாம் வழக்கமாகச் செய்வது, கைப்பேசியை எடுத்து அந்த இடத்தின் படங்களைத் தேடுவதுதான். பத்து நிமிடங்களில் நூறு படங்களைப் பார்த்துவிடுகிறோம்; பார்த்து முடித்ததும், போய் வந்துவிட்டதைப் போன்ற ஓர் அலுப்பு தட்டி, ஏக்கம் அடங்கிவிடுகிறது. காது தொடங்கிவைத்ததைக் கண் அவசரப்பட்டு முடித்துவிடுகிறது என்பதே என் எண்ணம். ஆகவே இசை எழுப்பிய ஏக்கத்தை இசையாலேயே வளர்த்து, படங்களைத் தள்ளிப்போட்டு, பிறகு வரைபடத்தையும் கப்பல் நேரத்தையும் துணைகொண்டு அதை உண்மையான பயணமாக்குவது எப்படி என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஓர் இசையையும் ஓர் இடத்தையும் கையில் எடுத்துக்கொள்வது நல்லது. இசை, ஜெர்மானிய இசையமைப்பாளர் ஃபீலிக்ஸ் மெண்டல்சோன் இயற்றிய ‘ஹெப்ரிடீஸ்’ ஓவர்ச்சர் என்னும் இசைக்குழுப் படைப்பு. இடம், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக்கில் கிடக்கும் ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒன்றான ஸ்டாஃபா என்னும் சிறு தீவும், அதன் தென்முனையில் இருக்கும் ஃபிங்கல் குகையும். நான் இன்னும் அந்தத் தீவில் கால் வைக்கவில்லை. பல ஆண்டுகளாகக் கேட்டு, படித்து, வழியைத் தெரிந்துகொண்டு, போவதற்குத் தயாராகிக்கொண்டிருப்பவனாகவே இதை எழுதுகிறேன்.

முதற்படி: இசையைத் தேர்ந்தெடுத்தல்

சொற்கள் இல்லாத இசையாகத் தேர்ந்தெடுங்கள். பாட்டில் சொல் வந்துவிட்டால் மனம் சொல்லின் பொருளைத் தொடர்ந்து போய்விடும். நிலம் பின்னுக்குத் தள்ளப்படும். திரைப்பாடல்கள் நமக்கு எவ்வளவு நெருக்கமானவையாக இருந்தாலும் இந்த வேலைக்கு அவை பொருந்தா. அவற்றைக் கேட்கும்போது திரையில் பார்த்த காட்சியும் அதில் நடித்தவர்களின் முகமும் கூடவே வந்து நிற்கின்றன. அப்போது எழும் ஏக்கம் அந்தக் காட்சியின் மீதான ஏக்கமாகவே இருக்கும்.

அடுத்து, ஓர் இடத்தோடு உண்மையான தொடர்புள்ள இசையாக இருந்தால் பயணத்துக்கு ஒரு முகவரி கிடைக்கும். ஆங்கிலேய இசையமைப்பாளர் பிரையன் ஈனோ 1982-இல் வெளியிட்ட ‘ஆன் லேண்ட்’ தொகுப்பு அப்படிப்பட்டது. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் வளர்ந்த அவர், அங்குள்ள சதுப்பு நிலத்தின் பெயரையும், இடைக்காலத்தில் துறைமுகமாக விளங்கிப் பிறகு கடலால் அரிக்கப்பட்டுச் சிற்றூராகச் சுருங்கிய டன்விச்சின் பெயரையும் தம் இசைத்துண்டுகளுக்குச் சூட்டினார். அதில் மெட்டு என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. மூடுபனியைப் போன்ற ஒலியே நிறைந்திருக்கிறது. மெட்டுக்குப் பழகிய காதுக்கு அது முதலில் பிடிபடாமல் போகலாம். அதனால்தான் மெட்டும் நிலமும் ஒன்றாகக் கலந்திருக்கும் மெண்டல்சோனிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: கருவியும் வேளையும்

நான் இந்த இசையை முதன்முதலில் கேட்டது கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில். மெல்லிய வயலின் ஓசை ஒன்று நீண்டு கொண்டிருந்தது. அதற்கு அடியில் ஏதோ முனகுவது போல் இருந்தது. இதையா இத்தனை பேர் புகழ்கிறார்கள் என்று பாதியில் நிறுத்திவிட்டேன். சில மாதங்கள் கழித்து ஒரு நண்பரின் வீட்டில் நல்ல ஹெட்ஃபோனில் கேட்டபோதுதான், முனகலாகக் கேட்ட அதுவே இந்த இசையின் உயிர் என்பது விளங்கியது. தொடக்கத்தில் வரும் மெட்டை வயோலா, செல்லோ, பஸூன் ஆகிய தாழ்ந்த குரல் கொண்ட கருவிகள் வாசிக்கின்றன. கைப்பேசியின் ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளைச் சரியாக எழுப்பாது. தாழ்ந்த கருவிகளின் அலை முழுவதும் போய், வயலினின் அடிவானம் மட்டும் எனக்கு மிஞ்சியிருந்தது. ஆகவே விலை குறைந்ததாக இருந்தாலும் காதை மூடி நிற்கும் ஒரு ஹெட்ஃபோன் கட்டாயம் தேவை.

வேளையைப் பொறுத்தவரை, பொழுது சாயும் நேரமே சிறந்தது என்பேன். நம் முன்னோர் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் அந்த நிலத்துக்குரிய யாழையும் சேர்த்து எண்ணுகிறது. நிலமும் இசையும் பிரியாதவை என்ற அந்தப் பார்வையில், கடலும் கடல் சார்ந்த நிலமுமான நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு, அதாவது கதிரவன் சாயும் நேரம், உரிப்பொருள் இரங்கல். வடகடல் தீவைப் பற்றி ஓர் ஐரோப்பியர் எழுதிய இசையை மாலையில் கேட்கும்போது எனக்குள் எழுவதைக் குறிக்க, இரங்கல் என்பதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் கிடைக்குமா என்று தெரியவில்லை.

மூன்றாம் படி: படம் பார்க்காமல் முதல் முறை கேட்டல்

இசை ஏறத்தாழ பத்து நிமிடம் நீளும். கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் நிறுத்தாமல் ஒரு முறை கேளுங்கள். முடிந்ததும் பேசாமல் ஒரு குறிப்பேட்டை எடுத்து இடப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். வலப்பக்கத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் வெளிச்சம் எப்படி இருந்தது, காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, நீர் அருகில் இருந்ததா எட்டத்தில் இருந்ததா, மனிதர் யாரேனும் தென்பட்டார்களா, நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்களா அல்லது எதிலோ ஏறிப் போய்க்கொண்டிருந்தீர்களா என்பவற்றுக்கு உங்களுக்குத் தோன்றிய விடைகளை எழுதினால் போதும். சரி, தவறு என்று எதுவும் இல்லை. என் பக்கத்தில் “ஈயம் போன்ற வானம். படகு. கரையில் ஆள் இல்லை. மிகத் தொலைவில் யாரோ கூப்பிடுகிறார்கள், என்னை அல்ல” என்று எழுதியிருக்கிறேன்.

நான்காம் படி: ஏக்கம் எங்கே பிறக்கிறது என்று கேட்டல்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது, ஒலியில் என்ன நடப்பதால் அந்த இடம் தோன்றுகிறது என்று கவனிக்க வேண்டும். காரணம் தெரிந்துவிட்டால் மாயம் கலைந்துவிடும் என்று சிலர் அஞ்சுவார்கள். என் அனுபவத்தில் அது மேலும் ஆழப்படவே செய்தது.

முதலில் அந்தத் தொடக்க மெட்டு. இசை பி மைனர் என்னும் மேற்கத்திய ஸ்வர வரிசையில் அமைந்தது. அதன் ஆதார ஸ்வரத்தைச் ஷட்ஜமமாகக் கொண்டால் மெட்டை நம் முறையில் “ப க ரி க ஸ ப” என்று பாடிவிடலாம். காந்தாரம் சாதாரண காந்தாரம். கடைசிப் பஞ்சமம் கீழ் ஸ்தாயியில் விழுகிறது. மேலிருந்து சரிந்து, சற்றே தயங்கி எழும்பி, மறுபடியும் ஆழத்துக்கு இறங்கும் அந்த ஆறு ஸ்வரங்களும் ஓர் அலை கரையில் வந்து மடங்கித் திரும்பும் அசைவேதான். இந்த மெட்டு இரண்டு முறை வந்த பின், அதே வடிவம் டி மேஜருக்கு ஏறுகிறது. ஒரு ராகத்தின் வேறொரு ஸ்வரத்தைச் ஷட்ஜமமாக்கிப் புது ராகம் காணும் கிரக பேதம் அறிந்தவர்கள் இங்கே சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள்: நடபைரவியின் காந்தாரத்தைச் ஷட்ஜமமாகக் கொண்டால் சங்கராபரணம் பிறப்பதைப் போல, அதே அலையின் மீது மேகம் விலகி ஒரு கணம் வெயில் படுகிறது. பிறகு மெட்டு இன்னும் மேலே எஃப் ஷார்ப் மைனருக்குப் போக, வெளிச்சம் மறைந்துவிடுகிறது. ஆறு அளவைகளுக்குள், அதாவது ஆறே தாளச் சுற்றுகளுக்குள், வானிலை இரண்டு முறை மாறிவிடுகிறது. இதை நீங்களே ஒரு முறை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். கேட்பதைவிடப் பாடும்போது அந்தச் சரிவு உடம்பில் தெரியும்.

இந்த அலைகளுக்கு மேலே வயலின்கள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. அதை அடிவானம் என்று எண்ணிக் கேளுங்கள். கீழே ஓயாத அசைவு, மேலே அசையாத கோடு. இரண்டுக்கும் நடுவே வெறுமை. அந்த வெறுமைக்குள்தான் கேட்பவரின் மனம் நுழைகிறது. இசை எல்லாவற்றையும் நிரப்பிவிட்டிருந்தால் நமக்கு அங்கே இடம் இருந்திருக்காது.

அடுத்து தொலைவு. ஊர் எல்லையில் நின்று திருவிழா மேளத்தைக் கேட்டிருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: தவிலின் கும்மென்ற அடி வந்து சேரும், வலந்தலையின் பட்டுத்தெறிக்கும் ஓசை வந்து சேராது. காற்று உயர்ந்த அதிர்வெண்களை அதிகமாக உறிஞ்சிவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே மென்மையாகவும் கூர்மை மழுங்கியும் ஓர் ஒலி வந்தால், அது எட்டத்திலிருந்து வருகிறது என்று காது தானாகவே முடிவு செய்கிறது. அதைப் போலவே, எதிரொலி நீண்டு நின்றால் இடம் பெரியது என்று காது கணக்கிடுகிறது. இந்த இசையின் நடுப்பகுதியில் ஊதுகருவிகள் ஒன்றையொன்று அழைப்பதைப் போலக் குரல் கொடுக்கின்றன; ஒரு குழு உரக்கக் கேட்க, இன்னொன்று அடங்கிய குரலில் விடையளிக்கிறது. அந்த வேறுபாட்டில் ஒரு நீர்ப்பரப்பின் அகலம் தெரிகிறது. என் குறிப்பேட்டில் யாரோ கூப்பிடுவதாக எழுதியது இதைத்தான் என்று பிற்பாடு புரிந்தது.

இரண்டாம் மெட்டு செல்லோவும் பஸூனும் சேர்ந்து பாடுவது. அது கீழிருந்து மேலே ஏறுகிறது. முதல் மெட்டு இறங்கியபடியே இருந்ததால், இந்த ஏற்றம் நெஞ்சைத் தூக்குகிறது. இறுதிக்கு முன் அதையே கிளாரினெட் தனித்து, மிக மெதுவாகப் பாடும் இடம் ஒன்று வருகிறது. புயலுக்கு நடுவே கடல் திடீரென்று கண்ணாடியாகிவிட்டதைப் போன்ற அந்த இடத்தைக் கேட்டபோதுதான் எனக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் உறுதியாக வந்தது. அதன்பின் கொந்தளிப்பு எழுந்து, கடைசியில் ஆரவாரமான முடிவு எதுவும் இல்லாமல் இசை தணிந்து அடங்குகிறது. முடிவுபெறாமல் விலகிப்போகும் எதன் பின்னாலும் மனம் சிறிது தூரம் ஓடும். பயண ஏக்கத்தின் பெரும்பகுதி இந்தக் கடைசிச் சில நொடிகளில் உருவாவதாகவே நான் நம்புகிறேன். தயவுசெய்து அடுத்த இசை தானாக ஓடத் தொடங்கும் வசதியை நிறுத்திவையுங்கள்.

ஐந்தாம் படி: இசை பிறந்த கதையை அறிதல்

1829-இல் மெண்டல்சோனுக்கு வயது 20. நண்பர் கார்ல் கிளிங்கெமனோடு ஸ்காட்லாந்தில் சுற்றிக்கொண்டிருந்தவர், ஆகஸ்ட் 7-ஆம் நாள் தம் குடும்பத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஹெப்ரிடீஸ் தீவுகள் தம்மை எவ்வளவு பாதித்தன என்பதைப் புரியவைப்பதற்காக, மனத்தில் தோன்றிய இசையின் 21 அளவைகளை அதில் வரைந்து அனுப்பினார். நாம் மேலே பாடிய மெட்டு அதில் இருந்தது. அவர் படகேறி ஸ்டாஃபாவுக்குப் போனதோ மறுநாள், ஆகஸ்ட் 8-ஆம் நாள். கடல் கொந்தளித்ததில் அவர் வாந்தியெடுத்துத் துவண்டுபோனதையும், குகை ஒரு மாபெரும் ஆர்கன் கருவியின் உட்புறத்தைப் போல இருந்ததையும் கிளிங்கெமன் எழுதியிருக்கிறார்.

இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஃபிங்கல் குகையின் இசை என்று உலகம் கொண்டாடும் மெட்டு, அவர் அந்தக் குகையைக் காண்பதற்கு முன்பே பிறந்துவிட்டது. நாளை போகப்போகிறோம் என்ற நிலையில் எழுதப்பட்ட இசை அது. போய்ச் சேர்ந்தவரின் நினைவு என்று இதைச் சொல்வது பொருந்தாது. போகப்போகிறவரின் எதிர்பார்ப்பு என்பதே சரி. நமக்குள் இந்த இசை ஏக்கத்தை எழுப்புகிறது என்றால், ஏக்கமாகவே அது பிறந்ததால்தான்.

முதல் வடிவத்தை அவர் 1830 டிசம்பரில் ரோம் நகரில் முடித்தார். ஆனால் நிறைவு ஏற்படவில்லை. 1832-இன் தொடக்கத்தில் பாரிஸிலிருந்து எழுதிய கடிதத்தில், நடுப்பகுதியில் திமிங்கில எண்ணெய், கடற்பறவை, உப்பிட்ட மீன் ஆகியவற்றின் வாடையைவிட இசை இலக்கணத்தின் வாடையே மிகுதியாக இருப்பதாகக் குறைபட்டுக்கொண்டார். ஒரு கலைஞர் தம் படைப்பில் மீன் வாடை போதவில்லை என்று வருந்தித் திருத்தினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1832 மே 14-ஆம் நாள் லண்டனில் அது அரங்கேறியது, அதன்பிறகும் திருத்தினார்.

ஆறாம் படி: படத்துக்கு முன் வரைபடம்

இப்போதும் ஒளிப்படங்களைத் திறக்க வேண்டாம். வரைபடம் மட்டும் போதும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் மல் என்னும் பெரிய தீவைக் கண்டுபிடியுங்கள். அதன் மேற்கே, அயோனா தீவுக்கு வடக்கே, ஒரு புள்ளியாக ஸ்டாஃபா இருக்கும். நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர், அகலம் அதில் பாதி. இன்று அங்கே யாரும் குடியிருக்கவில்லை. வரைபடம் இசையைப் போன்றது: தொலைவையும் திசையையும் தந்துவிட்டு, தோற்றத்தை நம்மிடம் விட்டுவிடுகிறது.

பெயர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டாஃபா என்பது பழைய நார்ஸ் மொழியில் தூண் தீவு என்ற பொருளுடையது. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு மெல்லக் குளிர்ந்து சுருங்கியபோது வெடிப்புகள் ஒழுங்காக ஓடி, பெரும்பாலும் அறுகோணத் தூண்களாகப் பாறை பிளந்தது. குகையின் உள்நீளம் ஏறக்குறைய 70 மீட்டர், உயரம் சுமார் 20 மீட்டர். ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ் 1772-இல் அங்கே போய் வந்து எழுதிய பிறகுதான் வெளியுலகம் அதை அறிந்தது. ஃபிங்கல் என்ற பெயர் அக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் பரவியிருந்த வீரகதைப் பாடல்களின் தலைவனுடையது. அப்பகுதியின் பழைய மொழியான கேலிக்கிலோ அந்தக் குகைக்கு இனிய ஓசையுடைய குகை என்று பெயர். மெண்டல்சோனுக்கு முன்பே அந்தப் பகுதி மக்கள் அதைக் காதால் அறிந்து பெயரிட்டிருக்கிறார்கள்.

ஏழாம் படி: காத்திருக்கும் காலத்தில் இசையைச் செலவழிக்காதிருத்தல்

விடுப்பு, பணம், விசா எல்லாம் கூடிவர ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை நாள்தோறும் கேட்டால் இசை தேய்ந்து பின்னணி ஓசையாகிவிடும். சமையலறையிலும் பேருந்திலும் கேட்க வேண்டாம். மாதம் ஒரு முறை, மாலையில், முழுதாக என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இசைக்குழுவின் பதிவைக் கேட்பது நல்லது. வேகம் சற்று மாறினாலே கடல் வேறு கடலாகிவிடும்.

எட்டாம் படி: பருவமும் வழியும்

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு பிரிட்டன் விசா தேவை. அதற்கான நேரத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள். ஸ்டாஃபாவுக்குப் படகுகள் பொதுவாக ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடுகின்றன. பஃபின் என்னும் வண்ண அலகுடைய கடற்பறவைகள் ஏப்ரலில் வந்து ஆகஸ்டு தொடக்கத்துக்குள் கடலுக்குத் திரும்பிவிடும். பறவையும் வேண்டும், நீண்ட மாலையும் வேண்டும் என்றால் ஜூன் மாதம் பொருத்தமானது; அப்போது இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

கிளாஸ்கோவிலிருந்து ஓபன் என்னும் துறைமுக ஊருக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஓபனிலிருந்து கப்பல் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் மல் தீவின் கிரெய்க்நியூரில் இறங்கலாம். அங்கிருந்து ஒற்றைத் தடச் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் தீவைக் குறுக்காகக் கடந்தால் ஃபின்ஃபோர்ட் என்ற சிற்றூர். ஸ்டாஃபா படகுகள் அங்கிருந்தும் எதிரே உள்ள அயோனாவிலிருந்தும் கிளம்புகின்றன. போய்வர மூன்று மணி நேரம் வரை ஆகும். தீவில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கிடைக்கும். அலை அதிகமாக இருந்தால் படகு கரையில் அணைய முடியாது, தீவைச் சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பிவிடும். ஆகவே ஒரே நாளை நம்பிப் போக வேண்டாம். அயோனாவிலோ மல் தீவிலோ குறைந்தது மூன்று இரவு தங்குமாறு திட்டமிடுங்கள். குகைக்குள் நடக்கும் பாதை பாறைச் சரிவுக்கு அஞ்சி மூடப்படுவதும் உண்டு. முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மழைச் சட்டையும், பிடிமானமுள்ள காலணியும், கடல் ஒவ்வாமைக்கான மாத்திரையும் அவசியம்.

ஒன்பதாம் படி: தீவில்

ஹெட்ஃபோனைத் தங்கும் அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். குகை வாயிலில் நின்று அந்த இசையை ஒலிக்கவிட்டுக் கேட்கும் ஆசை இயல்பானது, எனக்கும் உண்டு. ஆனால் அதற்கு இணங்கினால், இத்தனை ஆண்டு கேட்டதையே மறுபடியும் கேட்டுத் திரும்புவீர்கள். தூண்களின் தலைகளின் மேல் கால் வைத்து உள்ளே போய், கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, மற்றவர்கள் படம் எடுத்து நகரும் வரை பொறுத்திருங்கள். அலை உள்ளே வந்து பின்சுவரில் மோதுவதற்கும் அதன் ஓசை உங்களிடம் திரும்புவதற்கும் இடையே உள்ள இடைவெளியை எண்ணுங்கள். அந்த ஓசை உயர்ந்ததா தாழ்ந்ததா, எவ்வளவு நேரம் நிற்கிறது, அதில் எங்காவது “ப க ரி க ஸ ப” கேட்கிறதா, அல்லது அதற்குச் சற்றும் தொடர்பில்லாத வேறொன்று கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்காவிட்டால் ஏமாற்றம் வேண்டாம். மெண்டல்சோனும் அந்த மெட்டை அங்கே கேட்கவில்லை.

படகிலிருந்து இறங்கிய அன்று இசையைத் திறக்காமல் இருந்து, மறுநாள் மாலையில் கரையில் உட்கார்ந்து ஒரு முறை முழுதாகக் கேளுங்கள். பிறகு குறிப்பேட்டை எடுத்து, முதல் முறை கேட்டபோது எழுதியதற்கு எதிரே காலியாக விட்டிருந்த வலப்பக்கத்தில் அதே கேள்விகளுக்கு மறுபடியும் விடை எழுதுங்கள்: வெளிச்சம் எப்படி இருந்தது, காற்று எங்கிருந்து வந்தது, யாராவது இருந்தார்களா, யார் யாரைக் கூப்பிட்டார்கள். என் குறிப்பேட்டில் அந்தப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.